நிமிர்த்திப் பிடிக்க வேண்டிய இருபது நிமிடம்

1

பழிவாங்க இருபது நிமிடம் போதும். ஒரு நாளைக்கு நான்கு வேளை, வேளைக்கு இருபது நிமிடம். ஆறு வாரமாக நான் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

போன திங்கட்கிழமையிலிருந்து தொடங்குகிறேன். இங்கே ஜெர்மனியில் மதியம் ஒன்றரை. நான் வேலை செய்யும் கால்நடை மருத்துவமனையின் ஓய்வறையில், காபி மெஷின்மேல் சாய்த்து போனை நிறுத்தியிருந்தேன். திரையில் சென்னையை ஒட்டிய எங்கள் ஊர் படூர். அங்கே சாயந்திரம் ஐந்து மணி. என் அம்மாவின் தம்பி ஏழுமலை, வலது காலில் மாவுக்கட்டோடு, வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் மார்பில், கைக்குழந்தையை ஏப்பம் விடவைப்பதுபோல் நிமிர்த்திப் பிடித்தபடி ஒரு பூனைக்குட்டி.

"ஆயிடுச்சா?"

"எட்டு நிமிஷம்தான் ஆச்சு மாமா."

"கை மரத்துப்போச்சிமா."

"அந்தக் கைக்கு மாத்திக்க. படுக்க மட்டும் வெக்காத."

"ரோட்ல போறவன்லாம் பாத்துக்கினு போறான்."

"பாக்கட்டும்."

அன்றைக்கு நான் இந்த நாட்டுக்கு வந்து மூன்று வருடம். கூட வேலை செய்பவர்கள் ஒரு கேக்கில் மெழுகுவத்தி செருகிக் கொடுத்தார்கள். இந்த மாதிரி நாளில் வெளிநாட்டிலிருந்து எழுதுபவர்கள் பெரும்பாலும் கறிவேப்பிலை கிடைக்காததைப் பற்றி எழுதுவார்கள். எனக்குக் கறிவேப்பிலை கிடைக்கிறது, மூன்றாவது ஸ்டாப்பில் ஒரு கடை இருக்கிறது. எனக்குக் கிடைக்காமல் இருந்தது ஒரு கேள்விக்குப் பதில். ஒன்பது வருடமாக மாமாவிடம் கேட்கிறேன்: சுண்டுவை எங்கே விட்டாய்?

2

நான் பிளஸ் டூ படித்த வருடம். அப்பா இறந்ததிலிருந்து நானும் அம்மாவும் மாமா வீட்டு மாடியில் இருந்தோம். மாமாவுக்கு அப்போது இரண்டு வேன். பழைய மகாபலிபுரம் சாலையில் இருக்கும் ஐ.டி. கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றி இறக்குவார். குடும்பத்தின் வயல் அபார்ட்மென்ட் ஆனதில் வந்த வேன்கள் அவை. எங்கள் மாடிப்படிக்கு அடியில் ஒரு தெருப்பூனை நான்கு குட்டி போட்டது. மூன்று கொழுத்தன. நாலாவது, சாம்பல் நிறம், ஒரு காது மட்டும் வெள்ளை, எலும்பாக நின்றது. அதுதான் சுண்டு.

பால் குடித்தவரை பிரச்சினை இல்லை. சோறு தின்ன ஆரம்பித்ததும் வந்தது வினை. ஆவேசமாகத் தின்னும். பிறகு தலையைக் குனியும். தின்றது அப்படியே, செரிக்காமல், அச்சில் வார்த்த மாதிரி நீளமாக வெளியே வரும். உடனே அதையே திரும்பத் தின்னும். குமட்டல் கிடையாது, வயிறு எக்குவது கிடையாது. அதை வாந்தி என்றே சொல்லக்கூடாது என்பது இங்கே வந்துதான் எனக்குத் தெரிந்தது. வாந்தி என்றால் வயிற்றிலிருந்து வரவேண்டும். சுண்டு தின்ற சோறு வயிறுவரை போனதே இல்லை.

மாமா ஆரம்பத்தில் கெட்டவராக நடந்துகொள்ளவில்லை. இதை எழுத எரிச்சலாக இருக்கிறது, ஆனாலும் எழுதித்தான் ஆகவேண்டும். "இதுக்குத் தொக்கம் கீது" என்றார். எங்கள் பக்கத்தில் குழந்தை தின்றதையெல்லாம் கக்கினால் டாக்டரிடம் போவதற்கு முன்னால் தொக்கம் எடுப்பவரிடம் போவார்கள். தின்ற பொருள் ஏதோ உள்ளே சிக்கிக்கொண்டது, தொண்டையை நீவி ஊதி அதை எடுத்துவிடலாம் என்று நம்பிக்கை. திருப்போரூர் போகிற வழியில் ஓர் அம்மா எடுத்துவிடுவார். மாமா சுண்டுவைத் துண்டில் சுற்றி, வேனில் முன்சீட்டில் வைத்து, என்னையும் ஏற்றிக்கொண்டு போய், கைக்குழந்தைக்காரர்களோடு வரிசையில் உட்கார்ந்தார்.

"இன்னாபா, பூனையா?" என்றார் அந்த அம்மா.

"எங்க வூட்டுப் புள்ள மாதிரிதாம்மா. எடுத்து வுடு."

அவர் சுண்டுவின் தொண்டையை நீவினார், இரண்டு தடவை ஊதினார், உள்ளங்கையில் உமி மாதிரி எதையோ காட்டினார். எடுத்தாச்சு என்றார். மாமா வரும் வழியெல்லாம் விசில் அடித்துக்கொண்டு வந்தார். ஷேர் ஆட்டோ ஸ்டாண்டில் வண்டியை நிறுத்தி எல்லாரிடமும் சொன்னார்: "பூனைக்கே தொக்கம் எடுத்துக் காப்பாத்தியாச்சி."

அடுத்த நாள் காலை, அதே ஆட்கள் நாலு பேர் வாசலில் நின்றபோது, சுண்டு ஒரு முழு இட்லியைத் தின்று, அதை அப்படியே ஒருவருடைய செருப்பின்மேல் வைத்தது.

அன்றிலிருந்து மாமாவால் ஸ்டாண்டில் டீ குடிக்க முடியவில்லை. "ஏழுமல அண்ணாத்த, எங்க வூட்ல ஒரு எலிக்குத் தொக்கம் கீது, எப்ப வர்ற?" "அண்ணாத்த, பல்லிக்கு எடுப்பியா?" ஒருத்தன் போன் செய்து அப்பாயின்ட்மென்ட் கேட்டான். மாமா சிரிப்பதுபோல் சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து கேட்டைக் காலால் உதைப்பார். மூன்றாவது நாள் நான் ஸ்கூல் விட்டு வந்தபோது மாடிப்படிக்கு அடியில் மூன்று குட்டிகள்தான் இருந்தன.

"சுண்டு எங்க மாமா?"

"மாமல்லபுரத்துல வுட்டுட்டேன். மீன் எறக்கற எடம். ராஜா மாரி துன்னுக்கினு கீது. இங்க இருந்தத வுட அங்க நல்லா இருக்கும். பேஜார் பண்ணாத, போய்ப் படி."

அடுத்த நாலு நாள் நான் ஸ்கூலுக்குப் போகவில்லை. யூனிஃபார்மோடு பஸ் ஏறி கேளம்பாக்கத்தில் மாறி, கோவளத்தில் மாறி, மாமல்லபுரத்தில் இறங்குவேன். கோயிலைப் பார்க்க வருகிறவர்கள் ஒரு பக்கம் போக, நான் படகு நிற்கிற பக்கம் போவேன். மீன் விற்ற அக்காக்களிடம் கேட்டேன்: சாம்பல் நிறக் குட்டி, ஒரு காது வெள்ளை.

"பூனையா தேட்ற? இங்க இன்னா பூனைக்கா பஞ்சம், எது வோணுமோ எடுத்துக்கினு போ" என்றார் ஒரு அக்கா.

"அதுதான் வேணும்க்கா. சாப்ட்டா கக்கிடும். அத யாரும் பாத்துக்க மாட்டாங்க."

அவர் அதற்குமேல் சிரிக்கவில்லை. வலைக்குவியலுக்குப் பின்னால், கவிழ்த்த படகுக்கு அடியில், ஐஸ் பெட்டிகளுக்கு இடையில் எல்லாம் என்னோடு குனிந்து பார்த்தார். நான்கு நாளும் வெயிலில் மணல் சுட்டது. ஐந்தாம் நாள் அம்மாவுக்கு விஷயம் தெரிந்து பஸ் பாஸைப் பிடுங்கிக்கொண்டார். இல்லாவிட்டால் போயிருப்பேன்.

பிறகு ஒரு பொங்கலன்று மாமா பேச்சுவாக்கில் "கோவளத்துல வுட்டமே, அந்தப் பூனை" என்றார். ஒரு கல்யாணத்தில் அது பட்டிப்புலம் கடற்கரையாக மாறியது. அப்போதுதான் தெரிந்தது, நான் தேடிய இடம் பொய் என்று. பூனையைக் கொண்டுபோய் விட்டதைக்கூட மறந்திருப்பேன். தப்பான கடற்கரையில் என்னைத் தேடவிட்டதை மறக்கவில்லை.

3

பொத்தேரி இன்ஜினியரிங் காலேஜில் பயோடெக் படித்தேன். ஒரு வருடம் கம்பெனி வேலை பார்த்தேன், உட்கார முடியவில்லை. இங்கே கால்நடை மருத்துவ உதவியாளருக்கு மூன்று வருடப் பயிற்சி, பயிற்சியிலேயே சம்பளம் என்று தெரிந்ததும் ஜெர்மன் படித்து ஓடிவந்துவிட்டேன். "இன்ஜினியருக்குப் படிச்சிட்டு பூனைக்கு ஆயா வேலைக்குப் போறா" என்று மாமாதான் தெருவில் சொன்னார். அதையும் குறித்துக்கொண்டேன்.

வெளிநாட்டவர் அலுவலகத்தில் அனுமதியைப் புதுப்பிக்கப் போனால் ஒவ்வொரு தடவையும் ஒரே கேள்வி: பொறியியல் பட்டம் இருக்கும்போது இந்தத் தொழில் ஏன்? படிவத்தில் அதற்கு மூன்று வரி இடம் விட்டிருப்பார்கள். முதல் தடவை "ஒரு பூனை" என்று எழுதி அடித்துவிட்டு, "விலங்கு நலனில் ஆர்வம்" என்று எழுதினேன். அதிகாரி அடித்திருந்ததைத்தான் உற்றுப் பார்த்தார்.

முதல் வருடம் முடிவதற்குள் ஒரு குட்டி வந்தது. மூன்று மாதக் குட்டி, வயிறு ஒட்டி, விலா எலும்பை எண்ணலாம். வைத்திருந்தவர் சொன்ன விவரத்தை நான் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன்: பால் குடித்தவரை நன்றாக இருந்தது, கெட்டி உணவு கொடுத்ததும் கக்குகிறது, குழாய் மாதிரி வருகிறது. பேனா நின்றுவிட்டது. எங்கள் அறுவை மருத்துவர் ஹைக்கே, ஐம்பது வயதுக்காரர், படபடவென்று பேசுபவர், எக்ஸ்ரேயைக் காட்டி எனக்கு விளக்கினார்.

தாயின் வயிற்றில் இருக்கும்போது குட்டிக்கு இதயத்திலிருந்து கிளம்பும் இரண்டு பெரிய ரத்தக்குழாய்களுக்கு நடுவே ஒரு சின்ன இணைப்புக் குழாய் இருக்கும். பிறந்ததும் அது மூடிக்கொண்டு வெறும் நார் ஆகிவிடும். இதயத்திலிருந்து கிளம்புகிற மகா தமனி இடப்பக்கமாக வளைய வேண்டும். சில குட்டிகளுக்குப் பிறவியிலேயே வலப்பக்கமாக வளைந்துவிடுகிறது. அப்படி ஆனால் அந்த நார், உணவுக்குழாயைச் சுற்றிக் குறுக்கே இழுத்துக் கட்டிய கயிறு மாதிரி ஆகிவிடும். பால் அதில் வழிந்து போய்விடும், சோறு போகாது. குட்டி வளர வளர சுருக்கு இறுகும். சுருக்குக்கு மேலே சோறு தேங்கித் தேங்கி உணவுக்குழாய் பை மாதிரி தொங்கிப்போகும். மூச்சுக்குழாய்க்குள் கொஞ்சம் இறங்கினால் நுரையீரல் கெட்டுப்போகும்.

தொக்கம். உள்ளே ஏதோ சிக்கியிருக்கிறது என்று மாமா சொன்னது சரி. தின்ற பொருள்தான் சிக்கியது என்று நினைத்தது தப்பு. மாமாவுக்கு அரை மதிப்பெண் கூடக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை, ஆனாலும் கொடுத்தாகவேண்டும்.

அறுவையில் என் வேலை மூச்சு. விலா எலும்புகளுக்கு நடுவே நெஞ்சைத் திறந்துவிட்டால் குட்டியால் தானாக மூச்சு விட முடியாது. ரப்பர் பையை அமுக்கி அமுக்கி நாம்தான் விடவேண்டும். அத்தனை சின்ன நுரையீரல், வேகமாக அமுக்கினால் போச்சு. பதற்றத்தில் நான் ஜெர்மனை மறந்து தமிழில் எண்ணிக்கொண்டிருந்தேன். ஒண்ணு, ரெண்டு, மூணு. ஹைக்கே தலையைத் தூக்காமல் "நல்ல வேகம், அப்படியே எண்ணு" என்றார். இன்றுவரை நெஞ்சைத் திறக்கும் அறுவை எல்லாவற்றிலும் தமிழில்தான் எண்ணுகிறேன். அவர் அந்த நாரை இரண்டு இடத்தில் கட்டி, நடுவில் வெட்டினார். பிறகு வாய் வழியாக நான் ஒரு மெல்லிய குழாயை உள்ளே விட, அதன் நுனியில் இருந்த பலூனை ஊதி, இறுகியிருந்த இடத்தை விரித்தோம். வெட்டுப்பட்ட நார் தையல்நூலைவிடக் கொஞ்சம்தான் தடிமன்.

இவ்வளவுதான். இதற்குத்தான் சுண்டு போயிற்று. கழிப்பறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். முகம் கழுவி வெளியே வரும்போது எனக்குத் துக்கம் இல்லை, மாமாமேல் வெறிதான் இருந்தது.

4

இரண்டு மாதத்துக்கு முன்னால் மாமா பெண் காவ்யா ஒரு வீடியோ அனுப்பினாள். அவளும் இப்போது பொத்தேரியில்தான் படிக்கிறாள், ஹாஸ்டல். வார இறுதியில் வீட்டுக்கு வந்தவள் மாடிப்படிக்கு அடியில் எடுத்தது. ஒரு மஞ்சள் குட்டி சோற்றைத் தின்கிறது, தலையைக் குனிகிறது. "அக்கா, இது அதேதான?" என்று கீழே எழுதியிருந்தாள். சுண்டு போனபோது அவளுக்குப் பத்து வயது. அவளும் மறக்கவில்லை.

"அந்தக் குட்டிய யாரும் எங்கயும் கொண்டுபோகக்கூடாது. முக்கியமா உங்கப்பா" என்றேன்.

"அப்பா எங்க போவாரு? வேன் படில வழுக்கி விழுந்து ரெண்டு எலும்பு போச்சு. மூணு மாசம் கால ஊனக்கூடாதாம்."

சென்னையில் இந்த அறுவை செய்கிற டாக்டரைத் தேடிப் பிடிக்க ஒரு வாரம் ஆயிற்று. மருந்து கலந்து விழுங்கவைத்து எடுத்த எக்ஸ்ரே போனுக்கு வந்தது. ஹைக்கேயிடம் காட்டினேன். "சுருக்கு தெளிவாகத் தெரிகிறது, தாமதிக்காதே என்று சொல்" என்றார். வீட்டில் மாமா, அத்தை, அம்மா எல்லாரும் ஒரே திரையில் வந்தார்கள்.

"பூனைக்கு நெஞ்சக் கீறுறாங்களாம்" என்றார் மாமா. "தெருவே சிரிக்கும்."

"போன தடவையும் தெரு சிரிச்சிது மாமா. அதனாலதான் சுண்டு போச்சு."

அத்தை, கல்லூரி கேன்டீனில் சூப்பர்வைசர், அவர்தான் கடைசியில் "நான் லீவு போட்டு கூட்டினு போறேன்" என்றார்.

மருத்துவமனைச் சீட்டில் எழுதக் குட்டிக்கு ஒரு பெயரை நான்தான் சொன்னேன். காவ்யா சிரித்துக்கொண்டே எழுதிக்கொடுத்தாள். அறுவை முடிந்து நர்ஸ் கதவைத் திறந்து, "ஏழுமலை கூட வந்தவங்க யாரு? ஏழுமலை நல்லா இருக்கு, பால் கேக்குது" என்றாராம்.

"அடிப்பாவி, சாமி பேருடி அது" என்றார் மாமா.

"உன் பேருந்தான்."

நெஞ்சில் வைத்த வடிகுழாயை மறுநாள் எடுத்தார்கள். நாலாம் நாள் குட்டி படூருக்கு வந்தது. மாமாவுக்கு நான் கொடுத்த தண்டனையும் அன்றுதான் ஆரம்பித்தது.

5

நாரை வெட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கக்கூடாது. தொங்கிப்போன உணவுக்குழாய் ஒரே நாளில் சரியாகாது, சில குட்டிகளுக்குக் கடைசிவரை முழுசாகச் சரியாவதில்லை. அதனால் உணவு நீர்க்க இருக்கவேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக, நாலைந்து வேளையாகக் கொடுக்கவேண்டும். தின்னும்போது தலை மேலே, வயிறு கீழே. தின்று முடித்ததும் நிமிர்த்தியே பிடிக்கவேண்டும், சோறு தன் கனத்தில் தானே இறங்க. இருபது நிமிடம். இருமல், மூக்கில் சளி, காய்ச்சல் வந்தால் உடனே டாக்டர். இவ்வளவும் செய்ய ஆள் வேண்டும். அத்தை வேலைக்கு, அம்மா கார்மென்ட்ஸுக்கு, காவ்யா ஹாஸ்டலில். பகலெல்லாம் வீட்டில் இருப்பது ஒருவர்தான். ஓடவும் முடியாது.

"கோழிய வேகவெச்சி அத்தை மிக்சில அடிச்சி வெச்சிருப்பாங்க. வெந்நீர் ஊத்திக் கலக்கு."

"தோச மாவு மாரியா?"

"மோர்க்கொழம்பு மாதிரி. கரண்டிய சாச்சா ஊத்தணும், வுழக்கூடாது."

"உப்பு?"

"உனக்கா, அதுக்கா?"

மதிய வேளையையும் சாயந்திர வேளையையும் நான் வீடியோவில் பார்க்கவேண்டும் என்பது என் விதி. காலை வேளைக்கும் இரவு வேளைக்கும் நேரம் தெரிகிற மாதிரி போட்டோ. டாக்டர் இப்படிக் கேட்கவில்லை. நான் கேட்டேன். மூன்றாம் நாள் பன்னிரண்டு நிமிடத்தில் கீழே விட்டுவிட்டு இருபது ஆனது என்றார். குட்டி அவர் லுங்கியிலேயே கக்கியது. அதைவிட நல்ல சாட்சி எனக்கு இங்கே எந்த ஆபீசிலும் கிடைத்ததில்லை.

ஆட்டோ ஸ்டாண்டு ஆட்கள் தேடிக்கொண்டு வந்தார்கள். வேடிக்கை பார்க்க. "அண்ணாத்த, பால் குடுத்துக்கினு கீறியா?" என்று ஒருவர் கேட்டது எனக்கும் கேட்டது. மாமா முகம் போன போக்கை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறேன். அம்மா என்னைத் தனியாக அழைத்து, "அவன் கால் ஒடிஞ்சி கெடக்கறான், நீ அங்க குந்திக்கினு அவன வாட்றியே, அந்த ஊர் போய் கல்நெஞ்சக்காரி ஆயிட்டியா?" என்றார். ஊர் செய்ததல்ல, அம்மா. போகும்போதே இப்படித்தான் போனேன்.

ஒவ்வொரு அழைப்பிலும், பத்தாவது நிமிடத்துக்குமேல், அவருக்குக் கை வலிக்க ஆரம்பித்த பிறகு, நான் அதே கேள்வியைக் கேட்பேன். சுண்டுவை எங்கே விட்டாய்? அவர் தெருவைப் பார்ப்பார். கட்டுப்போட்ட காலைச் சொறிவார். குட்டியின் முதுகைத் தட்டுவார். இருபது நிமிடம் முடிந்து என் போனில் மணி அடிக்கும். மறுநாள் திரும்பக் கேட்பேன். ஆறு வாரம் கேட்டேன்.

6

இனி போன திங்கட்கிழமை. கேக், மெழுகுவத்தி, காபி மெஷின். பதினாலாவது நிமிடம்.

"சுண்டு எங்க மாமா?"

குட்டி ஏழுமலை அவர் கழுத்தடியில் முகம் வைத்துத் தூங்கிவிட்டிருந்தது. எடை ஏறி, வயிறு உருண்டிருந்தது. மாமா அதைப் பார்த்துக்கொண்டே பேசினார், என்னைப் பார்க்கவில்லை.

"மாமல்லபுரம்லாம் போகல."

நான் போனை இன்னும் கிட்டே இழுத்தேன்.

"போலாம்னுதான் கெளம்பனேன். பையில போட்டு முன்சீட்ல வெச்சேன். கத்திக்கினே வந்துச்சி. கேளம்பாக்கத்துல டீ குடிக்க நிறுத்தனேன். பசிக்குதோ இன்னாவோன்னு நெத்திலி வறுவல் ரெண்டு வாங்கிப் போட்டேன். ஆசையா துன்னுச்சி. அப்புறம் மூக்குல வந்துச்சி. மூச்சு வுட முடியல. நான் தட்டிப் பாத்தேன், தலகீழா புடிச்சிப் பாத்தேன். கையிலயே போயிடுச்சி."

"அப்புறம்?"

"உப்பளத்து வரப்புல பொதச்சேன்."

ஒன்பது வருடம். எனக்கு முதலில் தோன்றியது, தலைகீழாகப் பிடித்தது தப்பில்லை என்பதுதான். தொழில் புத்தி. அப்புறம்தான் மற்றது உறைத்தது.

"நான் நாலு நாள் மாமல்லபுரத்துல தேடனேன். உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்படி?"

"மூணாவது நாள் நீ பஸ் ஏறறதப் பாத்துட்டு பின்னாலயே வண்டில வந்தேன். சொல்லிடலாம்னுதான். நீ ஒரு படகுக்கு அடியில பூந்து பாத்துக்கினு இருந்த. வாய் வரல. திரும்பிட்டேன்."

"திரும்பிட்ட. நாலாவது நாளும் நான் போனேன்."

"ம்."

அவர் கண்ணைத் துடைத்துக்கொள்ளவோ என்னவோ, குட்டியை மடியில் இறக்கப் போனார்.

"கீழ எறக்காத மாமா. இன்னும் நாலு நிமிஷம் கீது."

இறக்கவில்லை. நாலு நிமிடமும் அதன் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தார். மணி அடித்ததும் போனை வைத்தேன். மெழுகுவத்தி கேக்கிலேயே உருகி முடிந்திருந்தது. யாரோ அதை எடுத்துப்போட்டுவிட்டு எனக்கு ஒரு துண்டு மட்டும் மிச்சம் வைத்திருந்தார்கள்.

7

அன்று சாயந்திரமே காவ்யாவிடமிருந்து ஒரு போட்டோ வந்தது. காலையில் அவள் காலேஜுக்கு லீவு போட்டு அத்தையோடு குட்டியைப் பரிசோதனைக்குக் கொண்டுபோயிருந்தாள்; முடிவு சாயந்திரம் அவள் போனுக்கு மட்டும் வந்தது. மறுபடி எக்ஸ்ரே எடுத்ததில் உணவு தடையில்லாமல் இறங்குகிறது, வீக்கம் நன்றாகக் குறைந்திருக்கிறது என்று டாக்டர் ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். இனி நிமிர்த்திப் பிடிக்கத் தேவையில்லை, உயரமான ஸ்டூலில் கிண்ணத்தை வைத்து, முன்காலைத் தூக்கித் தின்னப் பழக்கினால் போதும்.

"அக்கா, அப்பாகிட்ட சொல்லிடவா? பாவம், தோள்பட்ட வீங்கிப்போச்சு."

குட்டியை இன்னும் சில நாள் பிடித்தால் அதற்குக் கெடுதல் ஒன்றும் இல்லை. இதை ஹைக்கேயிடமும் கேட்டு உறுதிசெய்துகொண்டேன். ஏன் கேட்கிறாய் என்றார். சும்மா என்றேன்.

"இப்ப வேணாம். வெள்ளிக்கெழம நானே சொல்றேன்" என்று காவ்யாவுக்கு எழுதினேன்.

செவ்வாய், புதன், வியாழன். நான் அழைத்தேன், அவர் பிடித்தார். கேள்வி எதுவும் கேட்கவில்லை. அவர்தான் அதிகம் பேசினார்: மோர்க்குழம்பு பதம் இப்போது கண்ணாலேயே தெரிகிறது, தின்றதும் இரண்டு தடவை விக்கினால் கொஞ்சம் முன்னால் சாய்க்கவேண்டும், இடது தோள்தான் அதற்குப் பிடிக்கிறது. தேவையே இல்லாத ஒன்றை அவர் இவ்வளவு ஒழுங்காகச் செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. படகுக்கு அடியில் புகுந்த என்னை வண்டியில் உட்கார்ந்து பார்த்தபோது அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று அந்த மூன்று நாளும் எனக்குத் தெரிந்தது. அதற்காக நான் நிறுத்தவில்லை.

நேற்று வெள்ளிக்கிழமை. இருபதாவது நிமிடத்தில் மணி அடித்தது.

"மாமா, இனிமே புடிக்க வேணாம். ஸ்டூல் மேல கிண்ணம் வெச்சா போதும். டாக்டர் எழுதிக் குடுத்துட்டாங்க."

"எப்ப?"

"திங்கக்கெழம."

அவர் நிமிர்ந்து திரையைப் பார்த்தார். பிறகு குட்டியின் முதுகில் விரல்களை ஒவ்வொன்றாக வைத்தார். செவ்வாய். புதன். வியாழன். வெள்ளி. நாலாவது விரல் அங்கேயே நின்றது.

"நாலு நாளு" என்றார்.

"நாலு நாள்" என்றேன்.

தெருவில் ஒரு ஷேர் ஆட்டோ நின்று போயிற்று. யாரோ ஏதோ கேலி சொன்னார்கள், அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அஞ்சாவது நாளும் போயிருப்பியா?" என்று கேட்டார்.

"அம்மா பஸ் பாஸப் புடுங்கிட்டாங்க. இல்லன்னா போயிருப்பேன்."

அவர் தலையாட்டினார். குட்டியை இறக்கவில்லை. வலது தோளிலிருந்து இடது தோளுக்கு மாற்றிக்கொண்டார்.

"அப்ப நாளைக்கும் கால் பண்ணு" என்றார்.

வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இன்று சனிக்கிழமை, எனக்கு விடுமுறை. மணி ஒன்று இருபத்தைந்து. போனை எடுத்து காபி மெஷின்மேல் சாய்க்கலாம் என்றால், இங்கே என் அறையில் காபி மெஷின் இல்லை. ஜன்னல்மேல் சாய்த்து வைத்திருக்கிறேன்.